நேரில் வந்து சொல்லாத கலியாணம்

என் வீட்டுக்காரர் கணேசலிங்கத்துக்குக் கோபம் வந்தால் வாய் திறக்க மாட்டார். ஏதாவது ஒரு வேலையைத் தொடங்கிவிடுவார். மேல்மாடி ஜெர்மன்காரியோடு குப்பைத் தொட்டிக்காகக் கொழுவியபோது நிலவறை முழுவதற்கும் வெள்ளையடித்தார். மகள் ஆதிரை மருத்துவம் படிக்க மாட்டேன் என்றபோது வீட்டில் கிடந்த பழைய சைக்கிள்களை எல்லாம் கழற்றிப் பூட்டினார். தங்கச்சி நிரஞ்சனா தன் மகளின் கலியாண அட்டையை வட்ஸ்அப்பில் அனுப்பியபோது மொங்கோலியாவுக்கு டிக்கெட் போட்டார்.

நிரஞ்சனா இருக்கும் வூப்பர்டால் ஒன்றும் தூரத்தில் இல்லை. எங்கள் கெல்சென்கிர்ச்சனில் காரை எடுத்தால், நெரிசல் இல்லாத நாளில், போத்தலில் கொண்டுபோகிற தேத்தண்ணி ஆறுவதற்குள் போய்விடலாம். அவ்வளவு கிட்ட இருக்கிற ஒரே தங்கச்சி, ஒரே மருமகளின் கலியாணத்துக்கு, அட்டையைப் படம் பிடித்து அனுப்பி, கீழே "அண்ணை, மச்சாள், கட்டாயம் வரவேணும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு இருந்துவிட்டாள். இவர் அந்த வரியைப் படித்தார். போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தார். "நல்லது" என்றார்.

வெளியாட்களுக்கு இது ஒரு விஷயமாகத் தெரியாது. எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களிடம் கலியாணம் என்றால் 'சொல்ல' வேண்டும். தாயும் தகப்பனும் சோடியாக வீட்டுக்கு வந்து, இருந்து, ஒரு வாய் குடித்து, அட்டையைக் கையில் தந்து, வாயாலும் சொல்ல வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் அது அரைச் சொல்லு. தபாலில் வந்தால் கால் சொல்லு. போனில் வந்தால் சொல்லே இல்லை. நாடு மாறினோம், பாஸ்போர்ட் மாறியது, பிள்ளைகள் சண்டை பிடிக்கிற பாஷைகூட ஜெர்மன் ஆகிவிட்டது. இது மட்டும் மாறவில்லை. சொல்லாத வீட்டில் கை நனைப்பதும் மானம் கெட்டுத் திரிவதும் எங்களுக்கு ஒன்றுதான்.

இவர் இதில் ஊறிய மனிதர். வேலையில் இருந்த காலத்தில் கிழமை முழுக்க பஸ் ஓட்டுவார். ஆதிரை பெரியபிள்ளையானபோது சாமத்திய வீட்டுக்கு ஆட்களுக்குச் சொல்ல, சனி ஞாயிறுகளில் என்னை ஏற்றிக்கொண்டு மறுபடியும் ஓட்டினார். டோர்ட்முண்ட், எசன், ஹாம், அதற்கப்பாலும் போனோம். ஒவ்வொரு வீட்டிலும் கேக்கும் தேத்தண்ணியும். என் சேலைச் சட்டையெல்லாம் அந்த வருசம்தான் இறுகியது. தங்கச்சியின் கலியாணத்துக்கும் அப்படித்தான். தான் முதலில் கிழக்கு பெர்லினுக்கு வந்து இறங்கி, எல்லை கடந்து, முகாமில் கிடந்து, காலூன்றியதும் அவளையும் ஊரிலிருந்து எடுப்பித்து, ஜெயச்சந்திரனைப் பேசிக் கட்டிக் கொடுத்தவர் இவர். அதனால்தான் அந்த ஒரு வரி அவ்வளவு சுட்டது.

சுட்ட இடத்தில் உப்பு வைத்தவன் தமிழ்க்கடை நிலக்சன். வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டே, "மிதுசாவின்ரை கலியாணத்துக்கு எங்களுக்கு வீட்டை வந்து சொல்லிப்போட்டுப் போச்சினம் அண்ணை. நீங்கள்தானே தாய்மாமன், பெரிய வேலையெல்லே உங்களுக்கு?" என்று கேட்டான். இவர் வெண்டிக்காயை வாங்காமலே வெளியே வந்துவிட்டார். கடைக்காரனுக்கு வீட்டுக்கு வந்து சொல்லத் தெரிகிறது, கூடப்பிறந்தவனுக்குப் போன். சித்திரை வருசப்பிறப்புக்கும் அவர்கள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அதையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

நான் சும்மா இருக்கவில்லை. நிரஞ்சனாவுக்கு ஒருமுறை போன் எடுத்தேன். "வேலை மச்சாள், பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாள். பிறகு எடுக்கவே இல்லை. எனக்கும் சுருக்கென்றது. ஆனாலும் மிதுசா நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அவள் மணவறையில் இருக்கிறதை நான் பார்க்க வேண்டும். அந்த ஆசையை ஒருவரும் என்னிடமிருந்து பறிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், டிக்கெட்டைப் பார்க்கும்வரை.

"இஞ்சேருங்கோ, இந்தத் திகதியிலை கலியாணமெல்லே?"

"அதுக்குத்தான் இந்தத் திகதி," என்றார். "ஏன் வரேல்லை எண்டு ஆரும் கேட்டால் நாட்டிலை இல்லை எண்டு சொல்லலாம். கோவிச்சுக்கொண்டு வீட்டுக்குள்ளை இருந்தன் எண்டு ஒருத்தரும் கதைக்க ஏலாது."

"அதுக்கு மொங்கோலியாவோ? பாரிசிலை என்ரை அக்கா வீட்டை போயிருக்கலாமே."

"அங்கை நிறையத் தமிழர். மொங்கோலியாவிலை ஒருத்தரும் இல்லை."

"அங்கை சனமே இல்லையாம்," என்றேன். இவர் அதைக் கேட்டுச் சந்தோசப்பட்டார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கோபம் ஒரு பக்கம் இருக்க, அந்த நாட்டின் மேல் இவருக்கு ஒரு கண் முந்தியே இருந்தது. காலம் முழுக்க ஒரே தெருக்களில், ஒரே தரிப்புகளில் நிறுத்தி நிறுத்தி பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு, தரிப்பே இல்லாத பாதைகளை யூடியூப்பில் பார்த்துக்கொண்டிருப்பார். புல்வெளிக்கு நடுவில் இரண்டு சக்கரத் தடம் மட்டும் போகும். வாயைத் திறந்தபடி பார்ப்பார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கும் பாவமாக இருக்கும்.

ஆக, ஆவணி மாதத்தில் உலான்பத்தார் நகரத்தில் போய் இறங்கினோம். கூரையில் கூடாரம் பூட்டிய பெரிய ஜீப் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். பின்னால் காஸ் அடுப்பு, தண்ணீர்க் கலன்கள், மடிப்புக் கதிரைகள், என்னுடைய புட்டு மா, மிளகாய்த்தூள், கருவாடு. கருவாட்டைக் கண்டு சுங்க அதிகாரி மூக்கைச் சுருக்கினாள். நான் அவளுக்குச் சமைக்கும் முறையைச் சைகையில் காட்டியதும் போகச் சொல்லிவிட்டாள்.

நகரம் முடிந்ததும் தார்ப்பாதை கொஞ்சத் தூரம் கூட வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. புல், மலை, வானம். புல் பழுக்கத் தொடங்கியிருந்தது. மணித்தியாலக் கணக்கில் ஓடினாலும் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரிகிற மலை பக்கத்தில் வராது. ஆறுகளுக்குப் பாலம் இல்லை. இவர் இறங்கி, காற்சட்டையை மடித்து, தண்ணீரில் நடந்து ஆழம் பார்த்துவிட்டு வந்து ஓட்டுவார். ஒவ்வொரு ஆறு கடந்ததும் என்னைப் பார்ப்பார். நான் மெச்ச வேண்டுமாம். மெச்சினேன். பின்னேரங்களில் எங்காவது தண்ணீர்ப் பக்கமாக நிறுத்தி, கதிரைகளை விரித்து, புட்டு அவித்துச் சாப்பிட்டோம். குதிரைக் கூட்டம் வந்து பார்த்துவிட்டுப் போகும். மனசு லேசாகத்தான் இருந்தது. ஆனால் புட்டைப் பிசைகிறபோது வூப்பர்டாலில் இப்போது பலகாரம் சுடுவார்களே என்று நினைவு வரும். வாய்விட்டுச் சொல்வேன். இவர் காதில் விழாதவர்போல எழுந்துபோய்ச் சக்கரத்தில் காற்றுப் பார்ப்பார்.

வில்லங்கம் முதல் வீட்டிலேயே தொடங்கியது. அந்த நாட்டு மேய்ப்பர்கள் கெர் என்கிற வட்டக் கூடாரங்களில் இருக்கிறார்கள். வழிப்போக்கர் யாரும் எந்தக் கெருக்குள்ளும் போகலாம். கதவைத் தட்டத் தேவையில்லை. "நாயைப் பிடியுங்கள்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு உள்ளே போய் இருக்க வேண்டியதுதான். போனால் முதலில் உப்புப் போட்ட பால் தேத்தண்ணி தருவார்கள். யார், எவர், ஏன் வந்தீர்கள் என்ற கேள்வியெல்லாம் பிறகு. ஜீப் தந்த ஆட்கள் இதை விளக்கமாகச் சொல்லி அனுப்பினார்கள். இவரும் தலையை ஆட்டிக் கேட்டார்.

ஆனால் முதல் கெரின் முன்னால் ஜீப்பை நிறுத்தியதும் இவர் இறங்கி அதற்கு அருகிலேயே நின்றுகொண்டார். கை கட்டி நின்றார்.

"என்ன நிக்கிறியள்? உள்ளுக்குப் போவம்."

"கூப்பிடட்டும்."

"கூப்பிடாயினமாம். நாங்கள்தான் போகவேணுமாம்."

"அதெப்பிடி? வாங்கோ எண்டு ஒரு சொல் சொல்லாமல் எப்பிடி ஒரு வீட்டுக்குள்ளை போறது?"

உள்ளே இருந்தவர்கள் நாங்கள் வருவோம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கூப்பிடுவார்கள் என்று நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். நாயும் குரைத்துக் களைத்துப்போய்ப் படுத்துவிட்டது. கடைசியில் அந்த வீட்டுப் பெண், இந்த மனிதருக்கு ஏதோ சுகமில்லை என்று நினைத்திருக்க வேண்டும், கோப்பையும் கையுமாக வெளியே வந்து இவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இவர் வெட்கத்தில் சிவந்துபோய், "இப்பதான் குடிச்சனாங்கள்" என்று தமிழிலேயே சொன்னார். அதுவும் எங்கள் பழக்கம். தந்தவுடன் வாங்கக் கூடாது, இரண்டாம் முறை கேட்க வேண்டும். அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை. கோப்பையைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

அதன் பிறகு வந்த வீடுகளில் நான்தான் முன்னுக்குப் போனேன். பிறகு வெளியே வந்து, "வாங்கோ" என்று இவரைக் கூப்பிடுவேன். என் வாயால் ஒரு 'வாங்கோ' கிடைத்ததும் மனிதர் உள்ளே வந்து கௌரவமாக இருப்பார். உள்ளே வந்தபின் குறை சொல்ல ஒன்றுமில்லை. வலக்கையால் வாங்குவார், நிலைப்படியை மிதிக்க மாட்டார், அடுப்புக்கு நேரே கால் நீட்ட மாட்டார். காய்ந்த தயிர்க்கட்டியை, பல் உடையும்போல இருந்தாலும், முகம் சுளிக்காமல் தின்பார். போனில் ஒரு மொழிபெயர்ப்பு வைத்திருந்தோம். அது மாட்டை மந்திரி என்று சொல்லும். அதை வைத்துக்கொண்டு சிரித்துப் பொழுது போக்கினோம்.

கலியாணம் வருகிற சனிக்கிழமை என்ற நிலையில்தான் தம்தின் என்பவரின் வீட்டுக்குப் போனோம். ஒரு ஏரிக்கரையில் இரண்டு கெர்கள். அன்றைக்கு அங்கே பெரிய கூட்டம். மோட்டார் சைக்கிள்களும் குதிரைகளும் வெளியே நின்றன. ஏதோ விசேஷம் என்று தெரிந்ததும் இவர் ஜீப்பைத் திருப்பப் பார்த்தார்.

"விசேஷ வீடு. எங்களுக்குச் சொல்லேல்லை. விடும், போவம்."

அதற்குள் ஒரு வெள்ளைத் தாடிக்காரர், அவர்தான் தம்தின், ஜீப்பின் கதவையே திறந்துவிட்டார். எங்களைப் பார்த்து, எங்கேயிருந்து என்று சைகையில் கேட்டார். "ஜெர்மனி" என்றேன். அந்த மனிதர் அப்படியே மலர்ந்துபோய், "லைப்சிக்!" என்று தன் நெஞ்சைத் தட்டினார். கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் லைப்சிக்கில் மிருக வைத்தியம் படித்தவராம். பேசினார் பாருங்கள் ஒரு ஜெர்மன், எங்கள் ஆதிரையின் பள்ளிக்கூடத்து ஆசிரியை கெட்டாள். இவரும் அவரும் ஜெர்மனில் கதைக்கத் தொடங்கினார்கள். ஒரு மொங்கோலியரும் ஒரு யாழ்ப்பாணத்தாரும் ஏரிக்கரையில் நின்று லைப்சிக் ரயில் நிலையத்தைப் பற்றிக் கதைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

விசேஷம் என்னவென்றால், தம்தினின் பேத்திக்கு முதல் முடி வெட்டு. இரண்டு வயதுப் பிள்ளை. பிறந்ததிலிருந்து முடியில் கத்திரி படவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு சிறு கற்றை வெட்டி, நல்ல வார்த்தை சொல்லி, ஏதாவது ஒன்று பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். பிள்ளை தகப்பனின் மடியில் இருந்தது. நீலத் துணி கட்டிய கத்திரிக்கோல் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. தம்தின் அதை வாங்கி நேரே இவரின் கையில் வைத்தார்.

"நானா? நான் அந்நியன்," என்றார் இவர் ஜெர்மனில்.

"வந்துவிட்டீர்கள் அல்லவா? வெட்டுங்கள்."

இவர் குனிந்தார். பிள்ளை தலையைத் திருப்பி, இவரின் பெருவிரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோயிற்று. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிதுசாவுக்குக் காது குத்தியபோது மாமனென்று இவரின் மடியில்தான் இருத்தினார்கள். ஊசி ஏறியதும் அவள் இவரின் பெருவிரலைக் கடித்தாள், இரத்தம் வருமளவுக்கு. கையை இழுக்காமல் அவள் அழுது முடியும்வரை கொடுத்துக்கொண்டிருந்தார். இவருக்கும் அதுதான் நினைவு வந்தது என்று முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. ஒரு சின்னக் கற்றையை வெட்டித் துணியில் வைத்தார். கொடுக்க ஒன்றும் கையில் இல்லாமல், ஜீப்புக்கு ஓடிப்போய்த் தன் மடிப்புக் கதிரையைக் கொண்டுவந்து விரித்தார். பிள்ளை தகப்பனின் மடியிலிருந்து இறங்கி வந்து அதில் ஏறி இருந்துகொண்டது. பிறகு ஒருவராலும் இறக்க முடியவில்லை.

ஆட்டிறைச்சி அவித்து வைத்தார்கள். சாப்பிடுகிறபோது இவர் தம்தினிடம் கேட்டார்: "இவ்வளவு பேருக்கும் யார் போய் அழைப்புச் சொன்னது?"

தம்தினுக்குக் கேள்வி விளங்கவில்லை. "அழைப்பா? போனில் இரண்டு பேருக்குச் சொன்னேன். அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள். உங்களைப் போல வழியில் வந்தவர்களும் இருக்கிறார்கள்."

"நேரில் வந்து சொல்லவில்லை என்று ஒருவருக்கும் கோபம் வராதா?"

தம்தின் அதை மற்றவர்களுக்கு மொங்கோலிய மொழியில் சொன்னார். அவர்கள் ஆளை ஆள் பார்த்தார்கள். பிள்ளையின் தாய், தம்தினின் மருமகள், ஏதோ சொன்னாள்.

"இவளுடைய அண்ணன் இன்னும் வரவில்லை," என்று தம்தின் எங்களுக்குச் சொன்னார். "அதைத்தான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். கோபம் எதற்கு? வரவேண்டியவர் வரவில்லையென்றால் அவருக்கு ஏதோ நடந்துவிட்டது. குதிரையால் விழுந்திருப்பார், இல்லையென்றால் மாடு தொலைந்திருக்கும். சாப்பிட்டதும் மகன் போய்ப் பார்த்துவிட்டு வருவான்."

"தூரமா?"

"அந்த மலைக்கு அப்பால். தூரமென்று பார்த்தால் முடியுமா? ஆள் வரவில்லையே."

சொன்னபடியே, இறைச்சியில் ஒரு பங்கைத் துணியில் கட்டிக்கொண்டு மகன் மோட்டார் சைக்கிளில் ஏறினான். இவர் வெளியே வந்து நின்று, அந்தத் தூசி மலையடிவாரத்தில் மறையுமட்டும் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் ஜீப்பில் ஏறி, நான் அப்போதுதான் விரித்துவிட்டு வந்த கூடாரத்தை மடிக்கத் தொடங்கினார். யாரோடு கோபம், நான் என்ன சொன்னேன் என்று யோசித்துக்கொண்டு கிட்டப் போனேன்.

"கமலம்," என்றார். கூடாரத்தின் வாரை இறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "நிரஞ்சனா சித்திரை வருசத்துக்கும் வரேல்லை."

"ஓம்."

"கலியாணம் சொல்லவும் வரேல்லை. அவள் அப்பிடிப்பட்ட பிள்ளை இல்லை. என்னமோ நடந்திருக்கு. நான் இவ்வளவு நாளும் என்னத்தைப் பாத்துக்கொண்டு இருந்தனான்?" வாரை இன்னொருமுறை இழுத்துப் பார்த்தார். "ஆதிரைக்கு எடும். டிக்கெட்டை மாத்தச் சொல்லும்."

அந்தப் புல்வெளியில் போன் எங்கே எடுக்கும்? தம்தின் எங்களை ஒரு மேட்டில் ஏற்றிவிட்டார். அங்கே நின்று கத்திக் கத்தி ஆதிரைக்கு விளங்கப்படுத்தினேன். "அம்மா, உங்கள் ரெண்டு பேருக்கும் விசர்" என்றாள். ஆனாலும் மாற்றித் தந்தாள். நாங்கள் வெளிக்கிட்டபோது தம்தினின் மருமகள் ஒரு கிண்ணம் பாலோடு வந்து, ஜீப்புக்குப் பின்னால் பாலைத் தெளித்தாள். பயணம் போகிறவர்களுக்கு அங்கே அப்படிச் செய்வார்கள். நான் கண்ணாடியில் பார்த்துக் கும்பிட்டேன். இவர் பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆறுகளில் இறங்கி ஆழம் பார்த்தார், ஆனால் என்னை மெச்சச் சொல்லவில்லை.

பிராங்பேர்ட்டில் இறங்கி, வீட்டுக்கும் போகாமல், பெட்டியோடு நேரே வூப்பர்டாலுக்கு விட்டார். கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம். என் தலையில் இன்னும் அந்த நாட்டுத் தூசி. நிரஞ்சனாவின் கட்டடத்து வாசலில் வாழை கட்ட ஆட்கள் நின்றார்கள். இவர் அவர்களைக் கடந்து படியேறினார். இந்த முறை என்னுடைய 'வாங்கோ'வுக்காக நிற்கவில்லை.

நிரஞ்சனாதான் கதவைத் திறந்தாள். வீட்டு உடுப்பு, கையெல்லாம் மஞ்சள். மெலிந்துபோயிருந்தாள்.

"அண்ணை… நான் வந்து சொல்லாதது பிழைதான்…" என்று தொடங்கினாள்.

"அதுக்கு வரேல்லை நான்," என்றார் இவர். "நீ வரேல்லையெண்டு பாக்க வந்தனான். உனக்கு என்னம்மா நடந்தது?"

நிரஞ்சனா மஞ்சள் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டாள். "இதைத்தானே அண்ணை பாத்துக்கொண்டிருந்தனான்," என்று அழுதாள். "அட்டையை அனுப்பினால் நீங்கள் ஒருக்கால் எடுத்து, ஏன் வரேல்லை எண்டு கேப்பியள், ஏசுவியள் எண்டு நினைச்சன். ஏசியிருந்தால் சொல்லியிருப்பன்."

உள்ளே ஜன்னலோரக் கதிரையில் ஜெயச்சந்திரன் இருந்தார். முகத்தில் ஒரு பக்கம் இழுத்துப்போயிருந்தது. வலக்கை மடியில் கிடந்தது. பங்குனியில் பாரிசவாதம் வந்திருக்கிறது. விழா மேடைகளில் ஒலிவாங்கியை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர், இந்த வாயோடு ஒருவரின் முன்னாலும் போக மாட்டேன், கலியாணம் முடியுமட்டும் ஒருவருக்கும் தெரியக் கூடாது என்று நின்றுவிட்டார். அவரில்லாமல் சோடியாகப் போய்ச் சொல்ல முடியாது. தனியாகப் போனால் அவர் எங்கே என்று கேட்பார்கள். அதனால் ஊராருக்கெல்லாம் அவருடைய தம்பியும் பெண்சாதியும் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். நாளைக்குத் தாரை வார்க்கவும் அவர்கள்தான் என்று ஏற்பாடு.

"உங்களுக்கு மட்டும் வேறை ஆளை அனுப்ப எனக்கு மனம் வரேல்லை அண்ணை," என்றாள் நிரஞ்சனா. "மச்சாள் எடுத்த அண்டைக்கு இவர் பக்கத்திலை இருந்தவர். கதைக்க ஏலாமல் வைச்சிட்டன்."

இவர் கதவடியிலேயே நின்றார். நான் என் வாழ்க்கையில் இவரை அப்படிப் பார்த்ததில்லை. அகதி முகாமில்கூட அழாத மனிதர். ஜெயச்சந்திரன் இடக்கையால் கதிரையை ஊன்றி எழும்பப் பார்த்தார். இவர் ஓடிப்போய்ப் பிடித்தார்.

"இரும் மச்சான், இரும்."

ஜெயச்சந்திரன் இருக்கவில்லை. "அ… அட்டை," என்றார் நிரஞ்சனாவைப் பார்த்து.

"என்னப்பா இப்ப, அண்ணைதான் வந்திட்டாரே."

அவர் தலையை ஆட்டி மறுத்தார். அவள் அட்டையைக் கொண்டுவந்தாள். இடக்கையால் கொடுக்கக் கூடாது, வலக்கை எழும்பாது. நிரஞ்சனா அவருடைய வலக்கையில் அட்டையை வைத்து, கீழே தன் கையைக் கொடுத்து உயர்த்தினாள். இருவரும் சோடியாக எங்களுக்கு முன்னால் நின்றார்கள்.

"எங்கடை… மகளின்ரை… கலியாணம்," என்றார் ஜெயச்சந்திரன். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "ரெண்டு பேரும்… கட்டாயம்…"

அடுத்த சொல் வரவில்லை. வாய் கோணியது, எச்சில் வழிந்தது. நிரஞ்சனா எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் பேசாமல் நின்றாள். இவர் இரண்டு கையையும் நீட்டியபடி, கண்ணீர் வழிய வழிய, துடைக்காமல் காத்துக்கொண்டு நின்றார்.

"வர… வரவேணும்."

"ஓம் மச்சான்," என்றார் இவர். "வாறம்."